பாட்டும் பஞ்சமும்

ஓர் ஆண்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு ஏடுகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வர். ஓர் ஏட்டில் போர், உடன்படிக்கை, ஆட்சி மாற்றம், நிலநடுக்கம் முதலியன இடம்பெறும். மற்றோர் ஏட்டில் அவ்வாண்டு மக்கள் பாடிய பாட்டும் பார்த்த படமும் ஆடிய ஆட்டமும் இடம்பெறும். முன்னதை அறிஞர் புரட்டுவர். பின்னதை இளைஞர் புரட்டுவர். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பது அரிது. 1985ஆம் ஆண்டில் அவை கலந்தன. எத்தியோப்பிய நாட்டில் மக்கள் பசியால் மடிந்த செய்தியை மேனாட்டுப் பாடகர்கள் பாட்டாக்கினர். அப்பாட்டு உலகமெங்கும் சென்று சேர்ந்தது. அந்தப் பாட்டு எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதை நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

அவ்வாண்டு அமைதியாகக் கழிந்த ஆண்டு என்று யாரும் கூறமாட்டார். மார்ச்சு மாதத்தில் சோவியத்து நாட்டின் தலைமையை மிகயில் கோர்பச்சேவ் ஏற்றார். நவம்பரில் ஜெனீவா நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகனைச் சந்தித்தார். ஜூன் 23ஆம் நாள் ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் வெடித்து வீழ்ந்து, 329 பேர் மாண்டனர். செப்டம்பரில் மெக்சிகோ நகரை நிலநடுக்கம் குலைத்தது. நவம்பரில் கொலம்பியா நாட்டு எரிமலையொன்று தன் தலைமேல் இருந்த பனியை உருக்க, அது சேற்று வெள்ளமாக இறங்கி அர்மேரோ என்னும் ஊரையே மூடியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவை யாவும் ஒரு நாளில், சில வேளை ஒரு நொடியில் நேர்ந்த கேடுகள். பஞ்சமோ மெல்ல வருவது. பருவம் பருவமாக, வீடு வீடாக வருவது. மெல்ல வருவதைச் செய்தி உலகம் எளிதில் காண்பதில்லை.

அக்காலத்தில் நான் ஆசிரியர் பயிற்சியை முடித்து, ஒரு சிற்றூர்ப் பள்ளியில் புதிதாகப் பணியேற்றிருந்தேன். காலை வானொலிச் செய்தியைக் கேட்டு, அதில் நான்கைந்து வரிகளைப் பள்ளி வாயிலில் இருந்த கரும்பலகையில் எழுதுவது எனக்கு இடப்பட்ட வேலை. ஒரு நாள் எத்தியோப்பியப் பஞ்சத்தைப்பற்றி எழுதினேன். வகுப்பில் அதனை விளக்கும்போது, மழை பொய்த்தது, பயிர் கருகியது, ஆகவே மக்கள் மடிகின்றனர் என்று கூறினேன். கூலி வேலை செய்யும் ஒருவரின் மகன் பின்வரிசையிலிருந்து எழுந்தான். "ஐயா, அங்கே கடையிலேகூடத் தானியம் இல்லையா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிறிது சிரித்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். "மழையே இல்லாத ஊரில் கடையில் எப்படியப்பா தானியம் இருக்கும்?" என்று கூறி அவனை உட்காரவைத்தேன். அந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். அதற்கு நாம் திரும்ப வரவேண்டியிருக்கிறது.

இனி நிகழ்ந்ததைக் காண்போம். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சி, வட எத்தியோப்பியாவில் உள்ள கோரெம் என்னும் ஊரிலிருந்து எடுக்கப்பட்ட செய்திப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. விடியற்காலைக் குளிரில், மலைமேட்டில், ஆயிரக்கணக்கான மக்கள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தனர். இரவில் இறந்தோரை உறவினர் துணியில் சுற்றி வரிசையாகக் கிடத்தினர். பேசியவர் மைக்கேல் பர்க் என்னும் செய்தியாளர். படம் எடுத்தவர் முகமது அமீன். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஆப்பிரிக்காவில் குடியேறிய குடும்பத்தில், நைரோபி நகரில் பிறந்தவர். அவர் எடுத்த அந்தச் சில நிமிடப் படம் நாட்டுக்கு நாடு மறு ஒளிபரப்பாயிற்று. தானியக் குறைவைக் காட்டிய அறிக்கைகள் அதற்கு முன்பும் பல வந்திருந்தன. அவ்வறிக்கைகள் அசைக்காத நெஞ்சங்களை அந்தப் படம் அசைத்தது.

இலண்டனில் அதனைக் கண்டவருள் பாப் கெல்டாஃப் என்னும் அயர்லாந்துப் பாடகர் ஒருவர். அவர் மிட்ஜ் யூர் என்னும் நண்பருடன் சேர்ந்து, கிறிஸ்துமஸ் திருநாளை முன்னிட்டு ஒரு பாட்டை இயற்றினார். நவம்பர் 25ஆம் நாள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெயர்பெற்ற இளம்பாடகர்கள் ஒருங்கு கூடி, ஊதியம் பெறாமல் அதனைப் பாடிப் பதிவு செய்தனர். அவ்விசைத்தட்டு, 1997 வரை பிரிட்டனில் வேறெந்தத் தனிப்பாட்டு இசைத்தட்டும் விஞ்ச முடியாத அளவுக்கு விற்பனையாயிற்று.

அதைக் கண்டு அமெரிக்கரும் முன்வந்தனர். ஹாரி பெலஃபான்டே என்னும் மூத்த பாடகர் தூண்ட, மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் ஒரு பாட்டை எழுதினர். 1985 ஜனவரி 28ஆம் நாள் இரவு, இசைப் பரிசளிப்பு விழா ஒன்று முடிந்த கையோடு, நாற்பதுக்கும் மேற்பட்ட பாடகர்கள் ஹாலிவுட்டில் ஒரே கூடத்தில் கூடினர். இசையமைப்பை நெறிப்படுத்திய குவின்சி ஜோன்ஸ், தற்பெருமையை வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு வருமாறு கதவில் எழுதி வைத்திருந்தாராம். பொழுது விடியும்வரை பாடினர். வானொலியில் பேசும் நான் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரல் 5ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, உலகெங்கும் ஆயிரக்கணக்கான வானொலி நிலையங்கள் ஒரே நேரத்தில் அந்தப் பாட்டை ஒலிபரப்பின. ஒரே பாட்டைப் பல நாட்டு மக்கள் ஒரே மூச்சில் கேட்டது அரிய நிகழ்ச்சியன்றோ!

இவற்றுக்கெல்லாம் முடியாக அமைந்தது ஜூலை 13ஆம் நாள். அச்சனிக்கிழமை நண்பகலில் இலண்டன் வெம்பிளி விளையாட்டரங்கில் இசை விழா தொடங்கியது. சில மணி நேரம் கழித்து அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து அரங்கிலும் தொடங்கியது. வெம்பிளியில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். பிலடெல்பியாவில் கூடியோர் அவரினும் மிகுதி. இரண்டு மேடைகளையும் செயற்கைத் துணைக்கோள்கள் இணைத்தன. ஏறத்தாழ பதினாறு மணி நேரம் நிகழ்ச்சி நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் கண்டிருக்கலாம் என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். ஃபில் காலின்ஸ் என்னும் பாடகர் இலண்டனில் பாடிவிட்டு, கான்கார்டு விமானத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, அதே நாளில் பிலடெல்பியாவிலும் பாடினார். இருபது நிமிட அளவில் பாடி அரங்கம் முழுவதையும் தம் கைக்குள் வைத்திருந்த 'குயீன்' குழுவின் தலைமைப் பாடகர் பிரெட்டி மெர்க்குரி, சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மகாராட்டிரத்துப் பஞ்சகனியில் பள்ளிக் கல்வி பெற்றவர். ஆப்பிரிக்காவுக்காக நடந்த அந்த விழாவில், ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவராய் மேடையேறியவர் மிகச் சிலர். அச்சிலருள் அவரும் ஒருவர்.

அந்த விழாவில் பாட்டைவிடப் பெரிதாக மக்களை அசைத்தது ஒரு மௌனம் எனலாம். டேவிட் போவி என்னும் பாடகர் தமக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு பாட்டைக் குறைத்துக்கொண்டு, பஞ்சப் பகுதியின் படக்காட்சி ஒன்றைத் திரையிடச் செய்தார். பாட்டுக்குக் குதித்த கூட்டம் அசையாமல் நின்றது. அதன் பின் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன; நன்கொடை வெள்ளமெனப் பெருகிற்று. அக்காட்சிகளில் சாவின் வாயிலில் கிடந்த ஒரு பெண் குழந்தை உயிர்பிழைத்து, வளர்ந்து, வேளாண்மை கற்று, 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலண்டனில் நடந்த மற்றோர் இசை விழாவின் மேடையில் நலமுடன் நின்றாள். பாடகர்களின் முயற்சியால் ஒரு பயனும் இல்லை என்று உரைப்போர், மேடையில் நின்ற அந்தப் பெண்ணை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். திரட்டிய பணத்தால் உணவும் மருந்தும் வாங்கினர். கப்பல்களையும் லாரிகளையும் அமர்த்தினர். பிழைத்தோர் பலர்.

இவ்வளவும் உண்மை. இதற்கு அப்பாலும் ஓர் உண்மை இருக்கிறது.

முதலில், அந்த நாடு எத்தகையது என்பதையே பாட்டு அறியவில்லை. கிறிஸ்துமஸ் வந்ததை அம்மக்கள் அறிவார்களா என்பது இலண்டன் பாட்டின் தலைப்பு. எத்தியோப்பியாவோ கி.பி. நான்காம் நூற்றாண்டில், எசானா மன்னன் காலத்திலேயே கிறிஸ்தவத்தைத் தழுவிய நாடு. உலகின் மிகப் பழைய கிறிஸ்தவ நாடுகளுள் ஒன்று. மலைப்பாறையைக் குடைந்து எடுத்த லாலிபெலாத் திருக்கோயில்கள், பஞ்சம் கொடிதாக வாட்டிய வொல்லோ மாநிலத்திலேயே இருந்தன. அங்கே ஆண்டுதோறும் ஜனவரி 7ஆம் நாள் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நடந்து வருகிறது. மழையும் ஆறும் அற்ற நிலமாக அப்பாட்டு அந்நாட்டைக் காட்டிற்று. ஆனால் எகிப்தை வாழவைக்கும் நைல் ஆற்றின் நீரில் பெரும்பகுதி எத்தியோப்பிய மலைநாட்டிலிருந்தே வருகிறது. நீல நைல் அங்குள்ள தானா ஏரியில் பிறக்கிறது. பேரரசர் ஹைலே செலாசியின் ஆட்சியில் அந்நாட்டுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர் பலர் பணியாற்றித் திரும்பினர். அவர்களிடம் கேட்டிருந்தால் எனக்கும் இவை முன்பே தெரிந்திருக்கும்.

அடுத்து, பஞ்சத்தின் காரணம். 1984இல் மழை பொய்த்தது மெய்யே. ஆனால் மழை பொய்த்தால் வருவது வறட்சி. அது பஞ்சமாக மாறுவதற்கு மனிதர் கையும் சேர வேண்டும். 1974இல் பேரரசரை நீக்கிவிட்டு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவக் குழுவின் தலைவராக மெங்கிஸ்து ஹைலே மரியம் அப்போது இருந்தார். வடக்கே எரித்திரியாவிலும் திக்ரேயிலும் கிளர்ச்சிப் படைகளோடு அரசு பல்லாண்டுகளாகப் போர் புரிந்து வந்தது. படையெடுப்புகளில் பயிரும் களஞ்சியமும் அழிந்தன. சந்தைகள் குண்டுவீச்சுக்கு இலக்காயின. ஒரு மாவட்டத்தில் விளைந்த தானியம் மற்றொரு மாவட்டத்துக்குச் செல்லும் வழிகள் அடைபட்டன. வேலை தேடிப் போவோரையும் சோதனைச் சாவடிகள் தடுத்தன. 1984 செப்டம்பரில், வடக்கே மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, தலைநகர் ஆடிஸ் அபாபாவில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழா பெரும் பொருட்செலவில் நடந்தது.

அத்துடன் நிற்கவில்லை. வடக்கு மக்களைத் தெற்கிலும் தென்மேற்கிலும் குடியேற்றும் திட்டம் ஒன்றை அரசு மேற்கொண்டது. ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். அவருள் பலர் விரும்பிச் செல்லவில்லை. வழியிலும் புதிய இடத்து நோயாலும் பல்லாயிரவர் இறந்தனர். இதனை வெளிப்படையாகக் கண்டித்த பிரெஞ்சு மருத்துவத் தொண்டமைப்பு ஒன்றை, அதே 1985 டிசம்பரில் அரசு நாட்டைவிட்டு வெளியேற்றியது. ஜூலையில் உலகமே பாடியது. டிசம்பரில் உண்மையைச் சொன்ன மருத்துவர்கள் மூட்டை கட்டினர். முதல் நிகழ்ச்சியை நினைவில் வைத்திருப்போர் பல கோடி. இரண்டாவதை அறிந்தோர் சிலரே. அந்தப் பஞ்சத்தில் இறந்தோர் தொகையை நான்கு இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை கணக்கிடுகின்றனர்.

பாட்டு இவற்றுள் ஒன்றையும் கூறவில்லை. பாட்டின் மீது குற்றம் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நான்கு நிமிடப் பாட்டில் உள்நாட்டுப் போரின் வரலாற்றை எதிர்பார்ப்பது பேதைமை. இரக்கத்தை எழுப்புவது பாட்டின் வேலை. அதை அது செவ்வனே செய்தது. எழுந்த இரக்கத்துக்குக் கண் கொடுப்பது வேறு சிலரின் வேலை. செய்தியாளர், வரலாற்றாசிரியர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் செய்ய வேண்டிய வேலை அது. அன்று அந்தச் செய்திப்படமே அப்பஞ்சத்தை வேதாகமக் காலத்துப் பஞ்சத்தோடு ஒப்பிட்டுப் பேசிற்று. கேட்டவர் அதனை வானத்தின் சினமாகக் கொண்டனர். வானத்தின் சினத்துக்கு யாரை விசாரிப்பது?

பல ஆண்டுகளுக்குப் பின், பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட, வறுமையையும் பஞ்சங்களையும் ஆராயும் நூலைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. 1943இல் வங்கத்தில் பல இலட்சம் உயிர்களைக் கொண்ட பஞ்சத்தை ஒன்பது வயதுச் சிறுவனாக நேரில் கண்டவர் அவர். நாட்டில் தானியம் இருக்கும்போதே, அதைப் பெறும் வழி இல்லாதவர் பட்டினியால் சாகக் கூடும் என்பதை அந்நூலில் நிறுவுகிறார். அவர் எடுத்துக்காட்டிய பஞ்சங்களுள் எத்தியோப்பியாவின் வொல்லோ மாநிலத்தில் 1973இல் நேர்ந்த பஞ்சமும் ஒன்று. அம்மாநிலத்துச் சந்தையில் அப்போது தானிய விலை பெரிதாக ஏறவில்லை. வாங்குவோர் கையில் காசு இல்லாதபோது விலை எவ்வாறு ஏறும்? பஞ்சம் வாட்டிய அதே மாநிலத்திலிருந்து தானியம் வெளியூர்களுக்குச் சென்றதும் உண்டு.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. "கடையிலேகூடத் தானியம் இல்லையா?" என்று கேட்ட சிறுவன் என் கண்முன் வந்து நின்றான். பேரறிஞர் ஒருவர் ஆராய்ந்து எழுப்பிய அதே கேள்வியை அவன் தன் வாழ்க்கையிலிருந்து எழுப்பினான். தந்தைக்குக் கூலி கிடைக்காத நாளில் தன் வீட்டு உலை ஏறாது என்பது அவனுக்குத் தெரியும். அதே நாளில் தெருமுனைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் என்பதும் தெரியும். கடை நிறைந்திருக்க வீடு காய்வது எப்படி என்பதை அவ்வகுப்பில் அறிந்தவன் அவன் ஒருவனே. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. அவன் அவ்விதியின்படி நடந்தான். பயிற்சி பெற்ற நானோ பாடநூலின்படி நடந்தேன்.

அன்று நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை நம் நாட்டு வரலாற்றிலேயே இருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன பஞ்சம், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. மழை பொய்த்தது ஒரு பங்கு. ஆண்டோர் மனம் பொய்த்தது மறுபங்கு. "ஆம், தம்பி, கடையில் இருந்திருக்கலாம். இருந்தும் ஏன் கிடைக்கவில்லை என்று பார்ப்போம்" என்று நான் தொடங்கியிருந்தால், அந்த வகுப்பு சிரித்திருக்காது. ஒரு பெரிய பாடம் அங்கே நடந்திருக்கும்.

மெங்கிஸ்து 1991 மே மாதம் ஆட்சி இழந்து சிம்பாப்வே நாட்டுக்கு ஓடினார். முகமது அமீன் 1996 நவம்பரில், கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று கொமோரோத் தீவுகளுக்கருகே கடலில் வீழ்ந்தபோது மாண்டார். அந்த இரண்டு பாட்டுகளும் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்கும் இளைஞர்களை நான் குறை கூறேன். இனிய பாட்டு, நல்ல நோக்கத்தோடு பிறந்த பாட்டு, கேட்கட்டும். பாட்டு முடிந்த பின், அந்தக் கடையில் தானியம் இருந்ததா, இருந்தும் ஏன் கிடைக்கவில்லை, யார் தடுத்தார் என்றும் அவர்கள் கேட்டால் அதுவே போதும்.

அச்சிறுவன் இன்று ஐம்பதைக் கடந்திருப்பான். எங்கிருக்கிறானோ அறியேன். வானொலி கேட்கும் பழக்கம் அவனுக்கு இருக்குமானால், நாற்பது ஆண்டுகள் தாழ்த்தி இன்று நான் கூறிய விடை அவன் செவியில் விழட்டும்.